பழைய வேன் வாங்கப் போகிறீர்களா?

வேலூரில் இருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. பவுர்ணமி வந்தால் இந்தச் சாலையில் வண்டிக்குப் பின் வண்டி. கிரிவலத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள்.

இதைப் பார்க்கும் வீட்டில் ஓர் ஆசை பிறக்கிறது. "நாமும் பழைய வேன் ஒன்று வாங்கினால் என்ன? உள்ளே படுக்கை போடலாம். அடுப்பு வைக்கலாம். பழனிக்கும் போகலாம், நாகூருக்கும் போகலாம், வேளாங்கண்ணிக்கும் போகலாம். அறை வாடகை மிச்சம்!"

வெளிநாடுகளில் இப்படி வீடு போன்ற மோட்டார் வண்டிகள் ஏராளம். நம் ஊரில் சினிமாக்காரர்கள் அதைக் 'கேரவன்' என்கிறார்கள். புதிதாகச் செய்தால் பல லட்சம் ஆகும். அதனால் பழைய வண்டியைத் தேடுகிறார்கள்.

ஆசை நல்லதுதான். ஆனால், அந்த ஆசைக்காக வீட்டுப் பெண்ணின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. வாங்கிய வண்டி ஆறே மாதத்தில் வாசலில் படுத்துக்கொண்டால் நகையும் போச்சு, வண்டியும் போச்சு. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சும்மாவா சொன்னார்கள்?

புரட்டிப் பாருங்கள்

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு மக்களுக்குத் தோல் வியாபாரம் தெரியும். தோல் வாங்குபவர் மேல்பக்கத்துப் பளபளப்பை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பாரா? மாட்டார். தோலைப் புரட்டுவார். கத்தி வெட்டு இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பின்பக்கத்தைப் பார்ப்பார்.

பொய்கைச் சந்தையில் மாடு வாங்குபவரும் அப்படித்தான். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார்.

மாட்டுக்கும் தோலுக்கும் காட்டும் இந்த எச்சரிக்கையை வேன் வாங்கும்போது பலர் மறந்துவிடுகிறார்கள். புதுப் பெயிண்டையும் புது சீட் உறையையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள்.

பழைய வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள். துருப்பிடித்த இடத்தில் பட்டி பூசி, அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் கீழ்ப்பக்கம், சக்கரத்தின் மேல்வளைவு, படிக்கட்டு ஆகிய இடங்களில் வையுங்கள். தகடு இருந்தால் காந்தம் ஒட்டும். கனமான பட்டி இருந்தால் ஒட்டாது.

தரையில் விரித்த பாயைத் தூக்கிப் பாருங்கள். வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். கூரையின் உள்பக்கம் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கூரையில் காற்றுப் போக்கி, ஏ.சி. பொருத்தத் துளை போட்டிருந்தால், அங்கேதான் மழைநீர் முதலில் இறங்கும். உள்ளே பலகை அடித்து மறைத்த வண்டியில் அந்த ஈரம் வருஷக்கணக்கில் தெரியாது. பலகையும் உளுக்கும், தகடும் அரிக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்றும் பார்க்க வேண்டும். 2015-லும் 2023-லும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். சேற்றுக் கறை இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

ஓடாத வண்டியின் ஆபத்து

"வண்டி அதிகம் ஓடவில்லை. நிறுத்தியேதான் இருந்தது" என்று தரகர் சொல்வார். இது நல்ல செய்தி அல்ல. நின்ற வண்டியிலும் ரப்பர் காயும், பேட்டரி சாகும், பிரேக் இறுகும், வயரை எலி கடிக்கும்.

டயரில் தேய்மானமே இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அதற்கு வயது உண்டு. பக்கவாட்டில் 4 எண்கள் இருக்கும். 3517 என்று இருந்தால், 2017-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பழைய டயர் வெயில் சாலையில், பாரம் ஏற்றி ஓடும்போது வெடிக்கும். உள்ளே இருப்பது உங்கள் பிள்ளைகள்.

என்ஜினை அது குளிர்ந்திருக்கும்போது ஓட்டிப் பாருங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயிலை எரிக்கிறது. ஓடிச் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்பாதீர்கள். அதைத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் ஊர் மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி வீண் அல்ல.

காகிதத்தில் ஒளிந்திருக்கும் கடன்

தகட்டில் உள்ள துருவைவிட, காகிதத்தில் உள்ள துரு பொல்லாதது.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ள எண்களோடு ஒத்திருக்கின்றனவா? பைனான்ஸ் கடன் பாக்கி இருக்கிறதா? கடன் தீர்ந்திருந்தாலும், நிதி நிறுவனத்தின் கையெழுத்தோடு 35-ஆம் எண் படிவம் கொடுத்து, ஆர்.சி.யில் இருந்து அந்தப் பதிவை நீக்கினால்தான் வண்டி விடுபடும். வரி, இன்சூரன்ஸ், போலீஸ் அபராதம் பாக்கியா என்று பாருங்கள். மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் இவற்றில் பலவற்றை அறியலாம். வீட்டில் படிக்கும் பிள்ளை பார்த்துச் சொல்லிவிடும்.

சொந்த உபயோகத்துக்கு உரிய வண்டிக்கு 15 ஆண்டுதான் முதல் பதிவு. பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை எப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வாடகை வண்டியாக இருந்தால், 8 ஆண்டு கடந்த பிறகு வருஷா வருஷம் எப்.சி. காட்ட வேண்டும். வெளி மாநில வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் தடையில்லாச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டு வரி என்று பணம் பின்னாலேயே வரும்.

படுக்கை, அடுப்பு என்று உள்ளே மாற்றியிருந்தால், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை இஷ்டம் போல் மாற்றக் கூடாது என்கிறது. அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் பணத்துக்கே வழக்கு வரும்.

விற்கிறவருக்கும் ஒரு சொல். 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெயர் மாறும் வரை சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் சொந்தக்காரர். கைமாறிக் கைமாறிப் போன வண்டி விபத்து செய்தாலும், பதிவில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது.

உயிர் பெரிது

பணம் போனால் சம்பாதிக்கலாம். வண்டிக்குள் தூங்குவதிலும் சமைப்பதிலும் உயிராபத்து இருக்கிறது.

2024 டிசம்பரில், கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் 2 பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூங்குபவர் விழிப்பதே இல்லை. தரையில் துருப்பிடித்த ஓட்டை சிறியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். அந்த வழியாகத்தான் எமன் வருகிறான்.

2023 ஆகஸ்டு 26-ந் தேதி மதுரையில் நடந்ததும் நினைவிருக்கும். லக்னோவில் இருந்து வந்த யாத்ரீகர்களின் சுற்றுலா ரெயில் பெட்டி நின்றிருந்தது. திருட்டுத்தனமாக ஏற்றி வந்த கியாஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் மாண்டார்கள். ரெயில் பெட்டிக்கே அந்தக் கதி என்றால், பழைய வயரும் பலகையும் அடைந்த வேனில் என்ன ஆகும்? அடுப்பை வெளியே, மர நிழலில் வைத்துச் சமையுங்கள். என்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓட விட்டு உள்ளே தூங்காதீர்கள்.

அரசின் கடமை

பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. விதி இருந்தால் போதாது. சான்று இல்லாமல் வியாபாரம் செய்பவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். வண்டி வாங்கப் போகும் மக்களும் முதலில் அந்தச் சான்றைக் காட்டச் சொல்ல வேண்டும்.

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். டயர், பேட்டரி, பிரேக், பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதிக்கு ஏற்ற வண்டியைப் பாருங்கள். அதற்குக் கிடைக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம். வருஷத்தில் நாலு நாள் யாத்திரைக்கு வாடகை வேன் போதும். நகை கழுத்தில் இருக்கும். இரவில் நிம்மதியாகத் தூக்கம் வரும்.