வலுவும் பாரமும்

ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் 1985இல் வெளியிட்ட எம்5, தோற்றத்தில் அடக்கமான நாற்கதவு மோட்டார் வண்டியே. உள்ளிருந்ததோ 286 குதிரைவலு கொண்ட ஆறு உருளை இயந்திரம். 1998இல் எட்டு உருளைகளும் 400 குதிரைவலுவும் வந்தன. 2005இல் பத்து உருளைகளும் 507உம். 2017இல் வலு 600 ஆயிற்று. 2024இல் மின்மோட்டாரும் சேர்ந்து 727 ஆயிற்று.

ஆயினும் வாசகர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்ட 2017ஆம் ஆண்டின் வண்டிக்கு 3.4 விநாடி போதுமாயிருந்தது. 2024இன் வண்டிக்கோ 3.5 விநாடி வேண்டும். மின்கலம் முதலியவற்றின் பாரத்தால் எடை 2,400 கிலோகிராமைக் கடந்தமையே காரணம். அதற்கீடாக, 60 கிலோமீற்றருக்கு மேல் புகையின்றி ஓடுந் திறன் கிடைத்தது. வருவாயோடு செலவும் பெருகும் இல்லத்தில் மிச்சத்தையன்றோ எண்ணிப் பார்க்கின்றோம்? வண்டிக்கும் அதுவே கணக்கு.