நீலக் காலுறையும் நிலக்கரியும்

பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் மேட்டுக்குடிப் பெண்களின் மாலைப்பொழுது பெரும்பாலும் சீட்டாட்டத்தில் கழிந்தது. பல்கலைக்கழகம் அவர்களுக்கு மூடியிருந்தது. மணமான பெண்ணின் உடைமையோ சட்டப்படி கணவனைச் சார்ந்தது. அச்சூழலில் எலிசபெத் மாண்டேகு (1718–1800) தம் வரவேற்பறையிலிருந்து சீட்டுக்கட்டை அகற்றி, இலக்கிய உரையாடலுக்கு இடமளித்தார். சாமுவேல் ஜான்சன் போன்றோர் அங்கு வந்தனர். 'நீலக் காலுறையார்' என அக்குழு பெயர்பெற்றது. வால்டேரை மறுத்து ஷேக்ஸ்பியரைப் பற்றி அவர் எழுதிய நூல் 1769இல் ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது. பெண்ணறிவு எள்ளி நகையாடப்பட்ட காலத்தில் இது சிறு செயலன்று. இடதுசாரிகள் அதை மறுக்க வேண்டியதுமில்லை.

ஆயினும் பெண்விடுதலை வரலாறு எழுதுவோர் பலர் அவ்வரவேற்பறையிலேயே நின்றுவிடுகின்றனர். அதன் செலவைச் சுமந்தது யார்? நியூகாசில் அருகே டென்டனில் இருந்த குடும்பச் சுரங்கங்களில் கரி வெட்டியவர்களே. 1775இல் கணவர் இறந்தபின் அச்சொத்து எலிசபெத்தின் உடைமையாயிற்று. அவர் திறமையான நிர்வாகி. அதாவது, திறமையான முதலாளி. பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்தின் அடியில் வேலைவாங்கலாகாது என்னும் சட்டம் பிரிட்டனில் 1842இல்தான் வந்தது.

போர்ட்மன் சதுக்கத்து மாளிகையில் ஆண்டுதோறும் மே முதல் நாளன்று (உழைப்பாளர் தினம் பிறக்க இன்னும் நூறாண்டு இருந்தது) புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களுக்கு அவர் மாட்டிறைச்சி விருந்தளித்தார். அந்த ஈகையைப் புகழாதவர் இல்லை. மறுநாள் அச்சிறுவர்கள் மீண்டும் செல்வர் வீட்டுப் புகைபோக்கிகளுக்குள் ஏறினர். அவ்வழக்கம் ஒழிய 1875ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.