வக்கீல் நோட்டீஸ் வந்தால் பட்டறையைப் பூட்ட வேண்டுமா?



நம் பழைய மாணவன் ஒருவன் தூத்துக்குடியில் லேத் பட்டறை வைத்து, டிரான்ஸ்பார்மர் கனெக்டர் கடைந்து கொடுக்கிறான். ஐந்து குடும்பம் அதை நம்பி இருக்கிறது. போன வாரம் ஒரு வெளியூர் நிறுவனம் காப்புரிமை மீறல் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. நம் குழுவில் பாதிப் பேர் அவனுக்குச் சொன்ன புத்தி: "கேட்ட காசைக் கொடுத்துட்டு வேற தொழிலப் பாருப்பா." எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

சண்டை எதற்கு? டிரான்ஸ்பார்மர் தலையில் மரை போட்ட தண்டு நிற்கும். கனெக்டரை நட்டு மாதிரி சுற்றிச் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். துளையைச் சற்றுப் பெரிதாக்கினால் நேராகச் செருகிவிடலாம். பக்கத்துத் திருகை இறுக்கினால் மரையோடு மரை கவ்விக்கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் அது கண்டுபிடிப்பா, தொழில் தெரிந்த எவனுக்கும் தோன்றக்கூடிய திருத்தமா?

இதே கேள்வி உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பாத்திரப் பட்டறைகளிலும் எழுந்தது. லேத்தில் கடையும்போது பாத்திரம் நழுவாமல் பிடிக்கும் அமைப்புக்கு 1951 முதல் நடைமுறைக்கு வரும்படி ஒரு நிறுவனம் காப்புரிமை வாங்கியது. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் வழக்கில் 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பழைய கருவியில் செய்யும் சாதாரணப் பட்டறைத் திருத்தம் கண்டுபிடிப்பு ஆகாது.

நம் முத்துக்குளிப்பில் திறக்காத சிப்பியை ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. காப்புரிமைச் சான்றிதழும் அப்படித்தான். கொடுத்ததாலேயே அது செல்லும் என்று அரசு உத்தரவாதம் தரவில்லை என 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13(4) பிரிவே சொல்கிறது. காப்புரிமையை ரத்து செய்யப் போதுமான காரணம் எதையும் எதிர்வாதமாக வைக்க 107-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆதாரமில்லாமல் மிரட்டினால், மிரட்டியவர் மீதே வழக்குப் போட 106-ஆம் பிரிவு இருக்கிறது.

"கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுக்கும் சார்" என்கிறீர்கள். உண்மைதான், மிர்சாபூர் காப்புரிமை 1951 தேதியிட்டது, தீர்ப்பு 1978-இல். ஆனால் நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதற்கும் பயப்பட வேண்டுமா? பதிலே போடாமல் பணம் கட்டினால், அடுத்த நோட்டீஸ் அடுத்த பட்டறைக்குப் போகும்.

அவனிடம் நேராகவே கேட்டேன்: "நீ பார்த்துக் காப்பியடிச்சியா?" காப்பியடித்திருந்தால் அவன் பக்கம் நிற்க மாட்டேன். "இல்ல சார், பத்துப் பன்னிரண்டு வருஷமா இப்படித்தான் போடுறேன்" என்றான். எதிராளி விண்ணப்பித்தது 2016-இல். அதற்கு முன்பே இங்கே வெளிப்படையாக விற்ற பொருளுக்குப் பிறகு ஒருவர் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதை நிரூபிக்க அவனிடம் ஒரு வரைபடம்கூட இல்லை, தேதி போட்ட தாள் இல்லை! ஆய்வகக் குறிப்பேட்டில் தேதி போடு, தேதி போடு என்று உங்களிடம் தொண்டை கிழியக் கத்தியது இதற்குத்தானப்பா.

காண்ட்ராக்ட் வேலை செய்யும் மாணவர்களே, 2016-க்கு முன் அவனிடம் கனெக்டர் வாங்கிய பில் இருந்தால் இன்றே பரணில் தேடுங்கள். புத்தி சொன்னது போதும், பில்லை அனுப்புங்கள்.