சைக்கிளுக்குச் சாலை இல்லையா?



டாலிகஞ்சில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, சட்னி அரைத்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஆபீஸ்கள் நிறைந்த பகுதிக்குப் புறப்படுவார். பத்து மணிக்குள் பாத்திரம் காலியாக வேண்டும். மிஞ்சினால் நஷ்டம்.

ஒரு நாள் இரவு அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு துண்டுச் சீட்டு.

“தம்பி, இது என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. இது மூணாவது தடவை” என்றார்.

தடை செய்யப்பட்ட சாலையில் சைக்கிள் ஓட்டியதற்காக நூறு ரூபாய் அபராதம் என்று இருந்தது. முதல் இரண்டு தடவை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லி என்ன தம்பி ஆகப் போவுது? பொழைக்க வந்த ஊரு. கட்டிட்டுப் போயிருவோம்னுதான் இருந்தேன்.”

“பொழைக்க வந்த ஊரு” என்ற அந்த வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் என் மேல்தான். நான் சங்கம் சங்கம் என்று இருபது ஆண்டுகளாக அலைகிறவன். ஆனால் ரயில்வே பாஸும் மெட்ரோவும் இருப்பதால், இந்த நகரத்தில் சைக்கிள் ஓட்டுகிறவன் படும் பாடு என் கண்ணில் பட்டதே இல்லை. அண்ணாச்சி கதவைத் தட்டிய பிறகுதான் விசாரித்தேன். விசாரித்ததைச் சொல்கிறேன்.

தடை வந்த கதை

2006-ல் மத்திய அரசு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையை வெளியிட்டது. சாலை என்பது வாகனங்களை நகர்த்துவதற்காக அல்ல, மனிதர்களை நகர்த்துவதற்காக. ஆகவே நடப்பவருக்கும் சைக்கிள் ஓட்டுபவருக்கும் உரிய இடம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல கொள்கை. அடுத்த இரண்டே ஆண்டில், 2008-ல், கல்கத்தாவில் 38 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. 2013-ல் அந்தப் பட்டியல் 174 சாலைகளாக நீண்டது. சைக்கிள் மட்டுமல்ல, தள்ளுவண்டியும் மூன்று சக்கர மிதிவண்டியும் அதில் சிக்கின.

பால்காரர், பேப்பர் போடுகிறவர், மீன் கூடைக்காரர், தச்சர், எலெக்ட்ரீஷியன், நம் இட்லிக்காரர் எல்லோரும் ஒரே அறிவிப்பில் குற்றவாளிகள் ஆனார்கள். காரில் தனியாகப் போகிற ஒருவருக்கு எந்தத் தடையும் இல்லை.

இதே மேற்கு வங்க அரசு 2015-ல் ‘சபுஜ் சாத்தி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம். பாராட்டத்தக்கது. நம் தமிழ்நாட்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு கை சைக்கிளைக் கொடுக்கிறது, மறு கை சாலையைப் பிடுங்குகிறது. அந்தப் பிள்ளை படிப்பை முடித்து, அதே சைக்கிளில் நகரத்துக்கு வேலைக்கு வந்தால் அபராதம். இது என்ன நியாயம்?

2020-ல் கொரோனா வந்தது. மெட்ரோ நின்றது. புறநகர் ரயில்கள் நவம்பர் வரை ஓடவில்லை. அந்த ஜூன் மாதத்தில் சைக்கிளுக்கு வழிவிடும்படி முதலமைச்சர் மம்தா பானர்ஜியே சொன்னார். போலீசாரும் பல சாலைகளைத் திறந்துவிட்டார்கள். பாரக்பூரிலிருந்தும் சோனார்பூரிலிருந்தும் சைக்கிளை மிதித்து வேலைக்கு வந்து போனவர்களை இந்த நகரமே பார்த்தது. நெருக்கடி நேரத்தில் நகரத்தைச் சுமந்த வண்டி, நெருக்கடி தீர்ந்ததும் இடைஞ்சலாகிவிட்டது! அன்று கிடைத்தது தற்காலிகச் சலுகை. அதை உரிமையாக யாரும் எழுதித் தரவில்லை. நாமும் எழுதிக் கேட்கவில்லை.

எதிர்த் தரப்பு சொல்வது

சைக்கிள் மெதுவாகப் போகிறது, அதனால் நெரிசல் என்கிறார்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் எத்தனை சைக்கிள் நிற்கும் என்று எண்ணிப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். சாலையின் இரு ஓரமும் கார் நிறுத்தக் கொடுக்கப்படுகிறது. அந்த இடத்தில் ஒரு பங்கைச் சைக்கிள் பாதைக்குக் கொடுத்தால் நெரிசல் கூடாது, குறையும். நியூ டவுனில் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். புது நகரத்தில் முடிந்ததைப் பழைய நகரத்தில் முயன்று பார்க்கவாவது வேண்டாமா?

விபத்து நேரும், உங்கள் நன்மைக்காகத்தான் தடை என்கிறார்கள். அடிபடுகிறவனை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, அடிக்கிறவனுக்கு வழியை அகலமாக்குவது பாதுகாப்பு ஆகுமா? ஹாலந்து நாட்டில் 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் நானூறுக்கு மேல். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற முழக்கத்தோடு பெற்றோர்கள் வீதிக்கு வந்தார்கள். அந்த நாடு சைக்கிளைத் தடை செய்யவில்லை, சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டது. அந்தப் பாதைகள் தாமாக முளைக்கவில்லை, தாய்மார்கள் கேட்டு வாங்கியவை.

நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஆட்கள் ஒருவழிச் சாலையில் எதிர்த் திசையில் வருகிறார்கள். இரவில் விளக்கு இல்லை, பிரேக் சரியில்லை. மேம்பாலத்தில் சைக்கிள் கூடாது என்றால் அது நியாயமே. உரிமை கேட்கிறவன் ஒழுங்கையும் ஏற்க வேண்டும். ஆனால் ஒழுங்கு வேறு, ஒழிப்பு வேறு.

சாலை யாருடைய சொத்து? பஸ் உரிமையாளர்கள் தொடுத்த சகீர் அகமது வழக்கில் 1954-ல் சுப்ரீம் கோர்ட் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. பொதுச்சாலையைப் பயன்படுத்த மக்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு; அரசு அதை மக்கள் சார்பில் அறங்காவலராக வைத்திருக்கிறது; ஒழுங்குபடுத்த அதற்கு அதிகாரம் உண்டு. நாம் கேட்பதும் அவ்வளவே. அறங்காவலர் ஒழுங்குபடுத்தட்டும். உரியவனை வாசலிலேயே நிறுத்த வேண்டாம்.

ஒரு குமாஸ்தா சொல்லும் ரகசியம்

நான் மெட்ரிக் வரை படித்தவன். ஆனால் கோப்புகளோடு வாழ்கிறவன். கோப்பு எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குத் தெரியும். ஓர் உத்தரவை மறுபரிசீலனை செய்ய வேண்டிய நாள் வரும்போது, அதிகாரி சாலைக்குப் போய்ப் பார்ப்பதில்லை, கோப்பைத்தான் புரட்டுகிறார். அதில் மக்களிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை என்றால், கீழே இருக்கிற குமாஸ்தா ‘ஆட்சேபம் எதுவும் வரவில்லை’ என்று எழுதி மேலே அனுப்புகிறான். உத்தரவு இன்னும் சில வருடம் உயிர் வாழ்கிறது.

அண்ணாச்சி மூன்று முறை பணம் கட்டினார். மூன்று முறையும் கோப்பில் பதிவானது என்ன? ஒருவர் விதியை மீறினார், தண்டனையை ஏற்றுக்கொண்டார். அவருடைய விடியற்காலையும் நஷ்டமும் கோபமும் எந்தக் காகிதத்திலும் இல்லை. தோழர்களே, நம் பொறுமை நமக்கு மட்டும்தான் பொறுமை. கோப்பில் அது சம்மதம்.

எழுந்து கேட்டவர்களுக்கு என்ன நடந்தது? 174 சாலைப் பட்டியலை எதிர்த்துச் சைக்கிள்காரர்கள் ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள். கொல்கத்தா சைக்கிள் சமாஜ் போன்ற அமைப்புகள் நின்று குரல் கொடுத்தன. பட்டியல் 62 சாலைகளாகக் குறைந்தது. முழு வெற்றி அல்ல. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட சாலைகள் திரும்பி வந்தன. அதில் நம் தமிழர் பங்கு என்ன என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இதே நகரத்தின் நடைபாதை வியாபாரிகளைப் பாருங்கள். 1996 நவம்பரில் ‘ஆபரேஷன் சன்ஷைன்’ என்ற பெயரில் அவர்களுடைய கடைகளை இடித்துத் தள்ளினார்கள். அவர்கள் ஹாக்கர் சங்ராம் கமிட்டியாகத் திரண்டார்கள், மற்ற மாநிலத்து வியாபாரிகளோடு கைகோத்தார்கள். 2014-ல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டமே வந்தது. ஊர்தோறும் அமையும் வியாபாரக் குழுவில் நூற்றுக்கு நாற்பது இடத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் உட்கார வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பதினெட்டு வருடம் பிடித்தது, ஆனால் கிடைத்தது. இடிபட்டவர்கள் இன்று மேஜையில் உட்கார உரிமை பெற்றிருக்கிறார்கள்.

சைக்கிள் என்றால் தமிழனுக்குப் புதுக்கோட்டை நினைவுக்கு வர வேண்டும். 1991-க்குப் பிறகு அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிப் பெண்களும் கேலியையும் கிண்டலையும் தாண்டிச் சைக்கிள் ஏறினார்கள். பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்த பெண்ணுக்கு அந்த இரண்டு சக்கரம் சுதந்திரம் கொடுத்தது. அந்த மண்ணிலிருந்து வந்த நாமா, சைக்கிளுக்கு ஆபத்து என்றால் வாய்மூடி இருப்பது?

செய்ய வேண்டியவை

நம் சங்கம் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நன்றாக நடத்துகிறது. நடத்தட்டும். கூடவே இந்த நான்கு வேலைகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: அபராதம் கட்டிய ஒவ்வொருவரும் சீட்டைக் கிழித்துப் போடாமல் சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள். எந்தச் சாலை, எந்த நேரம், என்ன சரக்கு, எவ்வளவு நஷ்டம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம்.

இரண்டு: 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுப் போடுவோம். இன்று தடையுள்ள சாலைகள் எவை, எந்த நேரத்தில், என்ன காரணத்தால், மறுபரிசீலனை எப்போது என்று கேட்போம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

மூன்று: இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாலிகஞ்சிலிருந்து ராஷ்பிகாரி வழியாக எஸ்பிளனேடு வரை நடந்து போய், எங்கே பலகை உண்டு, எங்கே இல்லை, பக்கத்தில் மாற்றுப் பாதை உண்டா என்று குறித்து வாருங்கள். தடை செய்த ஒவ்வொரு சாலைக்கும் பக்கத்திலேயே அடையாளம் போட்ட மாற்றுப் பாதை வேண்டும். மெட்ரோ நிலைய வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் வேண்டும் என்பது நம் கோரிக்கை. வெறுங்கையோடு போகக் கூடாது, வரைபடத்தோடு போக வேண்டும்.

நான்கு: மனுவை வங்காளத்தில் எழுதி, வார்டு கவுன்சிலரிடமும் லால்பஜாரிலும் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வையுங்கள். தனியாகப் போக வேண்டாம். பீகார்ப் பேப்பர்காரரும் வங்காளி மீன்காரரும் பக்கத்தில் நிற்கட்டும். இது தமிழர் பிரச்சினை அல்ல, உழைப்பவர் பிரச்சினை.

கடைசியாக அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. முப்பது ஆண்டாக இந்த நகரத்துக்குக் காலைச் சாப்பாடு போடுகிறீர்கள். இது இனியும் பிழைக்க வந்த ஊர் அல்ல, உங்கள் ஊர். சொந்த ஊர்க்காரன்தான் சண்டை போடுவான். நான்காவது சீட்டு வந்தால் கட்டுங்கள், ஆனால் சும்மா கட்டாதீர்கள். அதன் நகலோடு உங்கள் பெயரில் ஒரு மனு அந்தக் கோப்புக்குள் போக வேண்டும். எழுதித் தர நான் இருக்கிறேன். கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.