விமானம் கட்டும் கைகளுக்கு வழி எங்கே?

ஆகாய விமானம் பணக்காரர்களின் வாகனம், அதைக் கட்டுவது மெத்தப் படித்தவர்களின் வித்தை என்று உழைப்பாளி மக்களை நம்ப வைத்திருக்கிறார்கள். இது பொய் என்கிறோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், அம்பாசமுத்திரத்தை அடுத்த மணிமுத்தாறில், 2014-ல் ஓர் இலகு விமானம் பறந்தது. இருவர் அமரக்கூடியது. அதைக் கட்டியவர் இடுக்கி மாவட்டத்துச் சஜி தாமஸ். காது கேளாதவர், வாய் பேச இயலாதவர். படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் பார்த்ததில் பிறந்தது அவருடைய ஆசை. பழுது பார்க்கும் வேலை செய்து பிழைத்துக்கொண்டே, பல ஆண்டுகள் பாடுபட்டு விமானத்தைக் கட்டி முடித்தார்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. இலேசான குழாய்ச் சட்டம், இறக்கைக்குத் துணி, ஒரு சிறு எஞ்சின், காற்றைத் தள்ளும் விசிறி. இவைதான் இலகு விமானம். 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் இறக்கையைப் போர்த்தியது பருத்தித் துணி. எஞ்சினைச் செய்தவர் அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக் சார்லஸ் டெய்லர். ஆலைத் தொழிலாளிக்குத் துணி புதிதா? முப்பந்தலில் காற்றாலை ஏறும் பிட்டருக்கு இறக்கை புதிதா? காற்றாலையின் இறக்கையும் விமானத்தின் இறக்கையும் ஒரே விதிப்படிதான் வேலை செய்கின்றன.

1910-ல் சென்னையில் ஹோட்டல் முதலாளி டி ஆஞ்சலிஸ் திட்டமிட்ட விமானத்தைக் கட்டியது சிம்ப்சன் கம்பெனிப் பட்டறை. பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். முதலாளியின் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. மரம் இழைத்த தச்சன், இரும்பு அடித்த கொல்லன் பெயர் எங்கே?

ஆனால் துணிச்சல் மட்டும் போதாது, தோழர்களே! 1930-களில் பிரான்சு நாட்டு ஆன்றி மிஞே, வீட்டிலேயே கட்டக்கூடிய ஒற்றை இருக்கை விமானத்தின் செய்முறையை நூலாக வெளியிட்டார். ‘வானத்துப் பேன்’ என்பது அதன் பெயர். சாதாரண மக்கள் ஆர்வத்தோடு கட்டினார்கள். சில விமானங்கள் மூக்குக் குப்புறப் பாய்ந்து, நிமிர்த்த முடியாமல் விழுந்தன, உயிர்கள் போயின. பிறகு அரசாங்கச் சோதனைக் கூடத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், இரண்டு இறக்கைகளும் அமைந்த விதத்தில் கோளாறு என்று தெரிந்தது. சோதனை முன்னால் நடந்திருந்தால் அந்த உயிர்கள் பிழைத்திருக்கும்.

ஆகவே சட்டமும் சோதனையும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவை ஏழைக்கும் எட்ட வேண்டும் என்கிறோம். மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ், 2011-லிருந்து அலைந்து 2017-ல்தான் பதிவு பெற்றார். அவரோ தொழில்முறை விமானி! அவருக்கே ஆறாண்டு என்றால், குலசேகரத்து ரப்பர் தொழிலாளியின் மகனுக்கு எத்தனை ஆண்டு? குளச்சலில் பைபர் வள்ளம் செய்பவனுக்கு எத்தனை ஆண்டு?

நாம் கேட்பது பெரிதல்ல. கோணம் அரசு தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் இலகு விமானப் பட்டறை வேண்டும். கட்டும்போதே வந்து பார்த்துப் பிழை சொல்லும் அரசாங்கப் பொறியாளர் வேண்டும். விதிகள் தமிழில் வேண்டும். விண்ணப்பத்துக்குக் கெடுவுக்குள் பதில் வேண்டும்.

கை நம்மிடம் இருக்கிறது. அந்தக் கைக்கு வழி விடு என்று அரசாங்கத்தைக் கேட்கிறோம். கேட்டுப் பெறுவோம்!