மகள் படிப்புக்கு உதவித்தொகை: பால் பணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

கண்ணமங்கலம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம். சென்ற ஆண்டு நெல்லும் மணிலாவும் விற்ற வகையில் 2,90,000 ரூபாய் வந்தது. மனைவிக்குப் பட்டுத்தறிக் கூலி 1,10,000. இரண்டு கறவை மாடுகளும் உண்டு. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. இப்போது பிளஸ் டூ, பொறியியல் படிக்க ஆசை. நான்கு லட்சம் என்று வருமானச் சான்று வந்தால் உதவித்தொகை போய்விடுமே, என்ன செய்வது என்பது அவர் கவலை.

விளைச்சல் விற்ற தொகை வேறு, வருமானம் வேறு. உழவு, விதை, உரம், ஆள் கூலி, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் 1,60,000 ஆனது என்று அவரே எழுதியிருக்கிறார். அது போக நிலத்தில் நிற்பது 1,30,000. தறிக் கூலியையும் சேர்த்தால் 2,40,000. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவர் உதவித்தொகைக்கு வரம்பு 2,50,000. ஆனால் இந்தக் கணக்கில் மாடுகள் இல்லை. தீவனம் போக மாதம் 2,000 மிஞ்சினால்கூட 2,64,000 ஆகிவிடும். பாதி உதவி, கால் உதவி என்று இங்கே படிகள் கிடையாது. வரம்பைத் தாண்டினால் மொத்தமும் போகும்.

அமெரிக்காவில் குடும்பம் எவ்வளவு தாங்கும் என்று ஓர் எண் கணக்கிட்டு, அதற்கேற்ப உதவியைக் கூட்டிக் குறைக்கிறார்கள். 2024-25ல் அந்தக் கணக்கில் குடும்பப் பண்ணையின் மதிப்பையும் சேர்த்ததும் விவசாயிகள் கொதித்தார்கள். 2025ல் வந்த சட்டம் 2026-27 முதல் அதை நீக்கியது. நம் உதவித்தொகைக்கு நில மதிப்பைக் கேட்பதில்லை, ஆண்டு வருமானம்தான். அந்த வகையில் நம்முடையது மேல்.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் சான்றிலும் அது வராது என்று பலர் நினைக்கிறார்கள். வரும். மத்திய அரசு நிறுவனங்களில் ஓ.பி.சி. இடம் கேட்கும்போது பார்க்கும் 8 லட்சம் வரம்பில் மட்டும் விவசாய வருமானத்தையும் சம்பளத்தையும் சேர்ப்பதில்லை. அதற்கான சான்று வேறு.

பால் பணத்தை மறைக்கலாமா? சங்கத்து பாஸ்புக்கிலும் வங்கியிலும் அது பதிவாகிறது, வேண்டாம். அவர் பயப்படும் அளவுக்கு அந்த 2,50,000 முக்கியமும் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கலந்தாய்வு மூலம் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. வருமான வரம்பு இல்லை. வேளாண்மை, கால்நடை மருத்துவப் படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அதற்கும் வரம்பு இல்லை. அந்த ஒதுக்கீட்டில் இடம் தவறினாலும், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ஆண்டு வருமானம் 4,50,000 வரை உள்ள குடும்பங்களுக்குத் தொழிற்கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் உண்டு. கல்லூரி தர அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 7,50,000 வரையிலான கடனுக்கு நிலத்தை அடமானம் வைக்கத் தேவையில்லை.

சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்யும்போது சிட்டா, உரக்கடை ரசீதுகள், சங்கத்து பாஸ்புக் மூன்றையும் கையில் வைத்திருந்தால், கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது கணக்கை அங்கேயே காட்டிவிடலாம். பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் மாதத்தில் மையங்களில் கூட்டம் அதிகம். முன்கூட்டியே போவது நல்லது.