மலைக்கு ஒருநாள் பயணம்: மெதுவாக நடப்பவரே வழிகாட்டி

கோடை விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள், எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகவேண்டும். கடற்கரை பார்த்தாயிற்று, கோயிலுக்கும் போயாயிற்று. அடுத்தது மலைதான். ஓக்லாந்து நகரமே சுமார் 50 எரிமலைகள் கொண்ட நிலத்தில் அமைந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இது பெரிய புதினம். அங்கே மலை என்று பெயர் பெற்ற கீரிமலையும் கடலோரக் கேணிதானே!

போகவேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கட்டாயம் போகவேண்டும். ஆனால் நாங்கள் பயணத்தைத் திட்டமிடும் முறை பிழையாக இருக்கிறது. வீட்டில் வேகமாக நடக்கக்கூடிய மகனோ மருமகனோ இணையத்தில் பார்த்து, "ஒரு மணித்தியாலத்தில் ஏறிவிடலாம்" என்று முடிவு செய்கிறார். எழுபது வயது அம்மாவின் முழங்காலையும், அப்பாவின் நீரிழிவையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அன்றைய பயணத்தில் யார் மிக மெதுவாக நடப்பவரோ, அவரை வைத்தே முழு நாளையும் திட்டமிட வேண்டும் என்பது என் கருத்து.

"அம்மா அந்தக் காலத்தில் சிவனொளிபாதமலையே ஏறியவ" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். 2,243 மீற்றர் உயரமான அந்த மலையை வயதானவர்கள் பலர் ஏறியிருக்கிறார்கள். எப்படி ஏறினார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். வெயிலில் அல்ல, இரவின் குளிர்ச்சியில். வழியெல்லாம் தேநீர்க் கடைகள், இளைப்பாற இடங்கள். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர்களும் வாரக்கணக்கில் நடந்தார்கள், கோயில்களில் தங்கித் தங்கிப் போனார்கள். நம் முன்னோரின் யாத்திரையில் ஓய்வும் ஒரு பகுதி. நாங்கள் அதைக் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் ஒருநாள் பயணமாகச் சுருக்கும்போது, முதலில் வெட்டுவது அந்த ஓய்வைத்தான். அதைத் திரும்பவும் சேர்ப்பதுதான் திட்டமிடல்.

உச்சி கட்டாயமா?

இந்த நகரத்து மலைகள் மாவோரி மக்களுக்கு வெறும் பூங்காக்கள் அல்ல. "தூப்புனா மௌங்கா" என்றால் மூதாதை மலைகள் என்று பொருள். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 14 மலைகள் 13 மாவோரி குழுக்களின் கூட்டமைப்புக்கு உரிமையாக்கப்பட்டன. இப்போது அவர்களும் ஓக்லாந்து நகரசபையும் சேர்ந்த ஓர் அதிகாரசபை அவற்றைப் பராமரிக்கிறது. மலை உச்சியை அவர்கள் மிகவும் புனிதமாகக் கருதுகிறார்கள். அதனால் மௌங்காபௌ (மவுண்ட் ஈடன்) உச்சிக்கு 2016 முதலும், மௌங்காகியேகியே (வன் ட்ரீ ஹில்) உள்ளிட்ட வேறு சில உச்சிகளுக்கு 2018 முதலும் கார்கள் போக முடியாது. "முன்பு காரிலேயே மேலே போனோமே" என்று குறைப்படுபவர்கள் நம்மிடையே உண்டு. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உடல்நலமும் பக்தியும் இங்கே ஒரே பக்கம்தான் நிற்கின்றன. திருவண்ணாமலையில் மலையே சிவன் என்பதால் மக்கள் 14 கிலோமீற்றர் மலையைச் சுற்றி வருகிறார்கள். கிரிவலம் வந்தவரைப் பார்த்து "உச்சிக்குப் போகவில்லையா?" என்று யாரும் கேட்பதில்லை. பழனியில் 693 படிகள் இருக்கின்றன. யானைப் பாதையும் இருக்கிறது, விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன. விஞ்சில் போனவருக்கு முருகன் அருள் குறைவு என்று சொல்வார் இல்லை. பழனியோடு சேர்த்துப் பேசப்படும் போகர் சித்தர் சீனம் சென்று வந்தவர் என்பது மரபு. அந்தச் சீனத்தின் தாவோ மதப் புனித மலையான தாய் ஷானிலும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட படிகளோடு கேபிள் காரும் உண்டு. ஆகவே முழங்கால் நோ உள்ள அம்மம்மா அடிவாரத்தைச் சுற்றி நடந்தால் அதுவும் முழுப் பயணம்தான். பாதி வழியில் திரும்புவது தோல்வி அல்ல.

எந்த மலை?

மௌங்காபௌ 196 மீற்றர். சாதாரணமாக நடப்பவர் அரை மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். மேலே மரப்பலகை நடைபாதை இருக்கிறது. 50 மீற்றர் ஆழமான பள்ளம் புனித இடம், அதற்குள் இறங்கக்கூடாது. நடக்க இயலாதவர்கள் வாகனத்தில் போவதற்கு என்ன ஏற்பாடு என்று நகரசபையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதன்முறை போகும் குடும்பங்களுக்கு நான் சொல்வது மௌங்காகியேகியே. அதை ஒட்டியுள்ள கோர்ன்வால் பூங்காவில் சமதரைப் பாதை, நிழல், மலசலகூடம் எல்லாம் உண்டு. ஏறுபவர் ஏறலாம், ஏறாதவர் சுற்றி நடக்கலாம்.

ரங்கிடோட்டோ தீவு வேறு கதை. துறையிலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், 260 மீற்றர் வரை ஏற வேண்டும். கறுப்பு எரிமலைப் பாறை வெயிலில் சூடேறும். தீவில் கடை இல்லை, தண்ணீரும் கொண்டு போகவேண்டும். கடைசிப் படகைத் தவறவிட்டால் பெரும் சிரமம். ஆகவே அவசரமாக இறங்க நேரும், விழுவதும் அப்போதுதான். நன்றாக நடக்கக்கூடியவர்கள் மட்டும், காலைப் படகில் போங்கள்.

டொங்கரீரோவை ஒருநாள் பயணமாக யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓக்லாந்திலிருந்து நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட கார் ஓட்டம், பிறகு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் மலைநடை, பிறகு களைத்த உடம்போடு திரும்பவும் ஓட்டம். அந்தப் பாதையின் பெயரில் 2007இல் "அல்பைன்" என்ற சொல்லைச் சேர்த்ததே அது சாதாரண நடை அல்ல என்று எச்சரிப்பதற்காகத்தான். அங்கே ஒரு இரவு தங்காமல் போவதை நான் ஆதரிக்கமாட்டேன். மலையைவிட இரவில் நித்திரைத் தூக்கத்தோடு கார் ஓட்டுவது ஆபத்து.

புறப்படுமுன்

நீரிழிவு உள்ளவர்கள்: இன்சுலின் அல்லது கிளிக்லசைட் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு ஏற்றத்தில் சீனி இறங்கலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் "ஏறின களைப்பு" என்று விட்டுவிடாதீர்கள். உடனே இருத்தி மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரோ ஒரு சிறு பெட்டிப் பழச்சாறோ கொடுங்கள். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். நினைவு தடுமாறி விழுங்க முடியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் 111ஐ அழையுங்கள். விரதம் இருந்து மலை ஏறுவது இவர்களுக்கு வேண்டாம். வைத்தியரிடம் முன்பே கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் தீர்மானியுங்கள்.

இதயம்: நீரிழிவு நீண்டகாலம் இருப்பவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு நோ இல்லாமலே வரக்கூடும். திடீர் மூச்சுத்திணறல், ஓங்காளம், குளிர்ந்த வியர்வை, வழமைக்கு மாறான களைப்பு ஆகியவையும் அறிகுறிகளே. அப்போதும் 111தான், காரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவது அல்ல. நடக்கும்போது கதைத்துக்கொண்டு வர முடிகிறதா என்று பாருங்கள். கதை நின்றால் நடையும் நிற்கட்டும்.

கால்கள்: புதுச் சப்பாத்தை அன்றுதான் முதன்முதல் போடக்கூடாது. காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சுமை, ஊன்றுகோல் பிடிக்க வெட்கம் வேண்டாம்.

வெயில்: எங்கள் தோல் கறுப்பு, ஒன்றும் செய்யாது என்பது தவறான நம்பிக்கை. இங்கே செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை சூரியனின் கதிர் கடுமை. தொப்பி, சன்ஸ்கிரீன், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் அவசியம்.

மருந்துகள்: நெஞ்சு நோவுக்கான ஸ்பிரே, இன்ஹேலர் போன்றவை காரில் அல்ல, உரியவரின் பையிலேயே இருக்கட்டும். மருந்துப் பட்டியல் ஒன்றும் கூட இருக்கட்டும்.

விசிட்டர் விசாவில் வந்த பெற்றோர் விடயத்தில் இன்னொன்று. விழுந்து காயப்பட்டால் சிகிச்சைக்கு ஏசிசி உதவும். மாரடைப்போ பக்கவாதமோ வந்தால் ஏசிசி பொறுப்பேற்காது, ஆஸ்பத்திரிச் செலவு குடும்பத்தின் தலையில்தான். பயணக் காப்புறுதி எடுக்கும்போது ஏற்கனவே உள்ள நோய்களை மறைக்காமல் அறிவியுங்கள். சிறு சந்தேகங்களுக்கு 0800 611 116 என்ற ஹெல்த்லைன் எண்ணை இலவசமாக அழைக்கலாம்.

வந்து இறங்கிய மறுநாளே மலைக்குக் கூட்டிப்போகாதீர்கள். நீண்ட விமானப் பயணத்தின் களைப்பும் நேர மாற்றமும் தணியட்டும். இரண்டு மூன்று வாரம் தெருவில் தினமும் நடக்கட்டும். அந்த நடையில் பேரப்பிள்ளைகளும் சேர்ந்துகொண்டால் இரண்டு தலைமுறைக்கும் நல்லது. புட்டும் சம்பலும் அடிவாரத்தில் சாப்பிடுங்கள். மாவோரி மரபில் புனித இடத்தில் உணவு உண்பது தகாது. சீனி இறங்கியவருக்குக் கொடுப்பது மருந்து, அதற்கு எந்த இடமும் தடையல்ல.

கடைசியாக ஒன்று. "நாங்கள் ஏறிவிட்டு வருகிறோம், நீங்கள் இருங்கோ" என்று வயதானவர்களைக் காரில் தனியே இருத்திவிட்டுப் போகும் வழக்கம் நிற்கவேண்டும். கோடையில் பூட்டிய கார் சீக்கிரம் சூடேறும். அதைவிட, யாருக்காகப் பயணம் புறப்பட்டோமோ அவர்களே விடுபட்டுப்போகிறார்கள். ஒருவர் அவர்களோடு நிற்கட்டும், பிறகு முறை மாற்றிக்கொள்ளுங்கள். இந்த விடுமுறையில் மலையைத் தெரிவு செய்யுமுன், "உங்களால் எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்று வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கள். "எனக்கென்ன, நான் நடப்பன்" என்றுதான் முதலில் சொல்வார்கள். ஒருநாள் மாலை அவர்களோடு தெருமுனைவரை நடந்து பாருங்கள், சரியான பதில் கிடைக்கும்.